திங்கட்கிழமை ஆபரேஷன் வேண்டாம், மச்சான்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது தோளைத் தவிர மற்ற அனைவரும் சுகம். அங்கே தங்களின் இரு தோள்களும், தங்கள் இல்லத்தார் அனைவரின் தோள்களும் குறைவின்றி இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். மருந்துக்கடை வியாபாரம் அமோகமாக நடக்கட்டும் என்று வாழ்த்தலாம்தான். ஆனால் அது ஊரில் நோய் பெருகட்டும் என்று வேண்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்பதால், அளவாக நடக்கட்டும் என்று வாழ்த்தி நிறுத்திக்கொள்கிறேன்.

நிற்க. தாங்கள் தெரிந்தவரைப் பிடித்து, அவருக்குத் தெரிந்தவரைப் பிடித்து, எங்கள் ஊர்ப் பெரிய தோள் டாக்டரிடம் வருகிற திங்கட்கிழமை காலை எனக்கு ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். அந்த ஆபரேஷனைத் தயவுசெய்து ரத்து செய்துவிடவும். நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லலாம் என்றால், போனை எடுக்கிற பெண் ஏன் என்று கேட்பாள். தங்களுக்குப் போன் செய்யலாம் என்றால், தாங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில்தான் ஒரு மனுஷன் முழுசாகப் பேசி முடிக்க முடியும். தங்கள் ஊர் பஸ் டிரைவர் என் வாடிக்கைக்காரர். சாயங்காலம் வந்து கவரை வாங்கிக்கொண்டு இரவே தங்கள் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதை எழுதுவதற்குக் கை வலிக்குமோ என்று தாங்கள் கவலைப்பட வேண்டாம். கை மேஜைமேல்தான் கிடக்கிறது, அதற்கு ஒரு சிரமமும் இல்லை. தூக்கினால்தான் பிரச்சினை.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் பக்க நியாயம் புரியும். என் சலூன் ஷட்டரைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்குக் காலையில் வழக்கம்போலக் குனிந்து கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக மேலே தூக்கினேன். பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அதுவும் விடவில்லை, நானும் விடவில்லை. டப் என்று ஒரு சத்தம். சரி, ஷட்டர் ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் ஏணி போட்டு ஏறி, மேல்பெட்டியைத் திறந்து, எண்ணெய் விட்டு, ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு என்றான். சத்தம் கேட்டதே என்றேன். கேட்டிருக்கும், ஆனா இங்கேருந்து வரல என்றான். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷமா இந்த ஷட்டரோட குடும்பம் நடத்துறவன் நானா நீயான்னு கேட்டு, வெளியே போடான்னு கையை நீட்டப் போனேன். கை நீளல மச்சான். இடுப்புக்கிட்டயே நின்னுடுச்சு. அவன் என்னைப் பார்த்தான், நான் கையைப் பார்த்தேன். "அண்ணே, ஸ்பிரிங் போனது உங்களுக்குத்தான்"னு சொல்லிட்டு ஏணியை மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டான்.

அதை நான் வெளிய மூச்சு விடல. விட்டிருந்தா நீங்க மருந்து அனுப்பியிருப்பீங்க, உங்க அக்கா அதைப் போட்டுக்கச் சொல்லி நின்னிருப்பா. தவிர, எனக்கு அது ஒரு பெரிய விஷயமாவும் படல. முடி வெட்டுறவனுக்குக் கை மேல ஏறணும், வாஸ்தவம்தான். கை ஏறலன்னா தலையை இறக்கிட்டா போச்சு. நாற்காலியில கால் பம்பு இருக்கே, முதல்ல அதைக் கடைசி வரைக்கும் இறக்கினேன். பத்தல. தச்சரைக் கூப்பிட்டு அடிக்கட்டையை அறுக்கச் சொன்னேன். அதுவும் பத்தல. அப்புறம் நாற்காலியைத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு ஒரு குட்டை முக்காலி வாங்கினேன். உயரமான ஆளுங்களுக்கு அதுவும் சரிப்படாததால அவங்களுக்குத் தரையில ஒரு பலகை. இப்ப முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுக்கிட்டு நான் சுகமா வெட்டலாம். ஆனா கீழ உட்கார்ந்தவருக்குக் கண்ணாடியில தன் தலைக்குப் பதிலா மின்விசிறி தெரிஞ்சுது. அதனால கண்ணாடியையும் கழட்டிக் கீழ மாட்டினேன். அதுல ஒரு சின்ன அசௌகரியம், கடைக்குள்ள நுழையுறவங்களுக்கு அவங்க முட்டி மட்டும்தான் தெரியும். ஒருத்தர் தன் பேன்ட் முட்டியில இருந்த கறையைப் பார்த்துட்டு, வெட்டிக்காமலே வீட்டுக்குத் திரும்பிட்டார். மத்தபடி ஜனங்க பழகிட்டாங்க. வலது முழங்கையை இடது கையால தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதால சீப்பைக் கஸ்டமரே பிடிச்சுக்குவார். நான் "கொஞ்சம் மேல, இன்னும் மேல"ன்னு சொல்லச் சொல்ல அவரே நகர்த்துவார். தன் தலைக்குத் தானும் கொஞ்சம் உழைக்கிறதுல என்ன கெட்டுப்போச்சு?

எங்க ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரை உங்களுக்குத் தெரியும், ஆறடிக்கு மேல நெடுநெடுன்னு இருப்பார். எத்தனையோ பேரைத் தரையில உட்கார வெச்சவர், என் பலகையில வந்து காலை மடக்கி உட்கார்ந்தார். வெட்டி முடிச்சதும் எழுந்திருக்க முடியல. கால் மரத்துப்போச்சு. எனக்கோ இழுத்துவிடக் கை இல்ல. பக்கத்து சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டேன், அவர்தான் அக்குள்ல கையைக் கொடுத்து நெம்பித் தூக்கினார். தலைமை ஆசிரியர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "பசங்க கஷ்டம் இப்பத்தான்யா புரியுது"ன்னார். அன்னியிலேருந்து காலையில ஷட்டரைத் தூக்குறது, மத்த நேரம் வாடிக்கைக்காரங்களைத் தூக்குறது ரெண்டுமே சைக்கிள் கடைக்காரர்தான். நல்ல மனுஷன், முகம் சுளிக்கிறதில்ல. தெருமுனையில புதுசா ஒரு கண்ணாடிக் கதவு சலூன் வந்திருக்கு, அங்க பட்டனை அழுத்தினா நாற்காலி தானா மேல போகுமாம். போகட்டும். தலையை மேல ஏத்துறதுக்கு மெஷின் போதும். அது மேல வந்தப்புறம் வெட்டத் தெரியணுமே.

இப்படி நிம்மதியா ஓடிக்கிட்டு இருந்தப்பதான் உங்க அக்கா கண்ணுல பட்டுட்டேன். சட்டையைக் கட்டில் மேல விரிச்சுப் போட்டு, கீழேருந்து தவழ்ந்து உள்ள நுழைஞ்சு போட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு அது பழகிப்போச்சு. திடீர்னு பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்? கதவுக்கிட்ட நின்னு பார்த்தவ, நேரா போய் உங்களுக்குப் போன் போட்டா. அப்புறம் நடந்ததெல்லாம் உங்க கைங்கரியம்.

டாக்டரைப் பத்திக் குறை சொல்லக் கூடாது. பொறுமையானவர், உட்கார வெச்சுப் பேசுறார். ஆனா உள்ள போனதுமே தொழில் புத்தி, என் கண்ணு அவர் தலைக்குத்தான் போச்சு. வலது காதுக்குப் பின்னாடி ஒரு கொத்து முடியை அப்படியே விட்டிருக்கு. தன் காதைக் கவனிக்காதவர் என் தோளைக் கவனிப்பாரான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு இது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், உங்க அக்கா தொடையில கிள்ளிட்டா. எவ்வளவு நாளா இப்படின்னு டாக்டர் கேட்டார். இப்பத்தான் கொஞ்ச நாளான்னேன். அவர் ஸ்கேனை வெளிச்சத்துல வெச்சார். தசைநார் அறுந்து ரொம்ப நாளாச்சு, அது உள்ள இழுத்துக்கிட்டுப் போயிருக்கு, சும்மா கிடந்ததால தசை கொஞ்சம் கொழுப்பா மாற ஆரம்பிச்சிருக்குன்னார். "இவருக்குக் கொழுப்பு இருக்குன்னு நான் ஸ்கேன் இல்லாமலே சொல்லியிருப்பேன்"னா உங்க அக்கா. டாக்டர் சிரிச்சுட்டார். நோயாளி நான் ஒருத்தன் உட்கார்ந்திருக்கேன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகமே இல்ல.

அப்புறம் மேஜைமேல இருந்த ஒரு பிளாஸ்டிக் தோளை எடுத்து வெச்சு விளக்கினார். தோளுக்குள்ள எலும்பு பந்து மாதிரி இருக்காம். அதை ஒரு சின்னக் குழி மேல நகராம பிடிச்சு வெச்சிருக்கிறது நாலு தசைநார். எனக்கு அதுல ரெண்டு அறுந்துபோச்சு. முதல் வழி, சின்னச் சின்னத் துளை போட்டு, ஒண்ணுல கேமரா விட்டு, உள்ள போன நாரை இழுத்துட்டு வந்து, எலும்புல குட்டி ஆணி இறக்கி நூலால கட்டித் தைக்கிறது. நார் எட்டினாத்தான் அது நடக்கும். எட்டாததை இழுத்துப் பிடிச்சுத் தைச்சா மறுபடி பிச்சுக்குமாம். எட்டலன்னா ஒட்டுப் போடலாம்னார். எதை வெச்சு ஒட்டுன்னு கேட்டேன். உங்க தொடையிலேருந்து எடுக்கலாம், இல்ல யாராவது தானமாக் கொடுத்த தோலைச் சுத்தம் பண்ணி வெச்சிருப்போம், அதைப் போடலாம்னார். ஆள் யாரு, எப்படிப்பட்டவருன்னு விசாரிச்சேன். அதெல்லாம் தெரியாதுங்கன்னார். பொண்ணு கொடுக்க விசாரிக்கிறோம், பொண்ணு எடுக்க விசாரிக்கிறோம், தோளுக்குள்ள குடிவெக்கிற ஆளை விசாரிக்க வேண்டாமா?

இன்னொரு வழி, முதுகுல இருக்கிற ஒரு தசையைக் கழட்டிக் கொண்டுவந்து தோள்ல கட்டுறது. அது இத்தனை வருஷமா முதுகுல வேற வேலை பார்த்தது, புது இடத்துல கையைத் தூக்கணும்னு அதுக்குப் பயிற்சி கொடுத்துப் பழக்கணுமாம். ஆபீஸ்ல ஒரு சீட்டுல உட்கார்ந்தவரை அடுத்த சீட்டுக்கு மாத்தினாலே என்ன பாடு படுத்துவார்னு நமக்குத் தெரியாதா? அதுக்கடுத்தது பலூன். நான் நம்பல, விளையாடுறார்னு நினைச்சேன். நிஜமாவே பலூன்தான், எலும்பும் எலும்பும் உரசாம நடுவுல வெச்சு உப்பு நீரால ஊதி விடுவாங்களாம், ஒரு வருஷம் போல ஆனதும் அது தானா கரைஞ்சுடுமாம். கரைஞ்சப்புறம்னு கேட்டேன். அதுக்குள்ள மத்த தசைங்க வேலையைக் கத்துக்கும்னு எதிர்பார்ப்போம், எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்ல முடியாதுன்னார். கடைசியா ஒண்ணு சொன்னார் பாருங்க, எனக்குத் தலை சுத்திடுச்சு. மூட்டையே மாத்துறது, அதுவும் தலைகீழா. பந்து இருக்கிற இடத்துல குழி, குழி இருக்கிற இடத்துல பந்து. அப்படி மாத்திட்டா அறுந்துபோன நார் இல்லாமலே வெளித்தசை கையைத் தூக்கிடுமாம். சட்டையை எந்தப் பக்கம் போட்டுக்கிறதுன்னு நான் கேட்டேன். அவர் சிரிக்காம, உங்க மூட்டு இன்னும் தேயல, அது இப்ப தேவையில்லைன்னு அந்தப் பிளாஸ்டிக்கைக் கீழ வெச்சார்.

"அப்ப எனக்கு எதைத்தான் பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டேன். தைக்கப் பார்ப்பேன், எட்டலன்னா ஒட்டு, உள்ள போய்ப் பார்த்துத்தான் முடிவு பண்ண முடியும்னார். எனக்கு ஆறவே இல்ல. ஒருத்தன் வந்து நாற்காலியில உட்கார்றான், முதல்ல வெட்ட ஆரம்பிக்கிறேன், எப்படி வருதுன்னு பார்த்துட்டு என்ன ஸ்டைல்னு சொல்றேன்னு நான் சொன்னா அவன் உட்காருவானான்னு கேட்டேன். "நீங்க அதைத்தானே எல்லார்கிட்டயும் சொல்றீங்க"ன்னா உங்க அக்கா. நம்ம வீட்டுக்காரியே எதிர்க்கட்சியில உட்கார்ந்தா என்ன பண்றது?

எல்லாம் முடிஞ்சு எழுந்திருக்கப் போனப்ப டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்குக் கை எவ்வளவு உயரம் வரணும்?" பிறந்தப்ப எவ்வளவு வந்துச்சோ அவ்வளவுன்னேன். "அப்படிச் சொல்லாதீங்க. எவ்வளவு வரும்னு நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஆனா உங்களுக்கு எதுக்கு அந்தக் கை வேணும்னு தெரிஞ்சா, உள்ள போய் முடிவெடுக்க எனக்கு உதவியா இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார். முடி வெட்டுறவனைப் பார்த்து, கை எதுக்குன்னு கேட்கிறார். ஆட்டோவில வரும்போது முழுக்க அதையே நினைச்சு நினைச்சு எரிச்சல் பட்டேன்.

ஆனா வீட்டுக்கு வந்து நிதானமா யோசிச்சப்ப அவர் கேட்டது நல்ல கேள்வின்னு தோணிச்சு மச்சான். உண்மையிலேயே எனக்குக் கை எதுக்கு மேல வரணும்? கடையில தலைங்க எல்லாம் கீழ வந்தாச்சு. ஷட்டருக்கு ஆள் இருக்கு. வீட்டுல மேல்தட்டு டப்பாவெல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்தாச்சு. பஸ்ல கம்பியைப் பிடிக்க முடியாதுன்னா யாராவது எழுந்து இடம் கொடுத்துடுறாங்க, நல்லதாப் போச்சு. தெருவுல யாராவது கையாட்டினா நான் இடுப்புக்கிட்டயே ஆட்டுறேன், கொஞ்சம் தள்ளிப் போன்னு சொல்ற மாதிரி இருக்குமாம், அதனால வீண் அரட்டையும் குறைஞ்சிருக்கு. எனக்கு எட்டாத உயரத்துல இப்ப எதுவுமே இல்ல. இந்த நிலைமையில போய்க் கையை ஆறு வாரம் தூளி கட்டித் தொங்கப் போட்டுக்கிட்டு, அப்புறம் ஆறு மாசம் பயிற்சின்னு கயிறு இழுத்து சுவத்துல விரலால ஊர்ந்து, இதெல்லாம் யாருக்காக?

உங்க அக்காவுக்கும் ஒரு குறையும் இல்ல. கல்யாணமான நாள்லேருந்து ஒண்ணுவிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை அவளுக்கு நான்தான் நுனி வெட்டி, டை அடிச்சு விடுறேன். அவ தலையில என் கை தவிர வேற கை பட்டதில்ல, அதுல எனக்கு ஒரு கர்வம்னே வெச்சுக்குங்க. தோள் போனப்புறம், கடையில இப்ப இதுதான் வழக்கம்னு நான் சொன்னதை நம்பி அவளும் குட்டை முக்காலியில உட்கார்ந்து பார்த்தா. இப்பக் கொஞ்ச காலமா ஞாயித்துக்கிழமை நான் கிண்ணத்தை எடுத்தா, இந்த வாரம் வேணாம், அடுத்த வாரம் பார்க்கலாம்னு சொல்லிடுறா. காதோரம் எல்லாம் வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு, கவலையே படல. வயசானா ஒரு பக்குவம் வருது பாருங்க. இன்னிக்கும் மத்தியானம் சாப்பிட்டதும் கடைக்குப் போயிட்டு வரேன்னு கிளம்பிப் போனா, இன்னும் வரல. நானும் நிம்மதியா உட்கார்ந்து இதை எழுதுறேன். இப்படி அமைதியா இருக்கிற குடும்பத்துல கத்தி வெக்கணுமான்னு நீங்களே சொல்லுங்க.

ஆகவே, திங்கட்கிழமையை வேறு யாராவது உண்மையான நோயாளிக்குக் கொடுத்துவிடும்படி டாக்டரிடம் தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். அவர் மனம் புண்பட வேண்டாம். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள். குழந்தைகளுக்கு என் ஆசிகள். அடுத்தமுறை நேரில் வரும்போது அவர்களைச் சற்றுக் குனிந்து நிற்கச் சொல்லவும், தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
குறையொன்றும் இல்லாத,
தங்கள் அக்காள் கணவன்

பி.கு.: கவரை ஒட்டப் போற நேரத்துல உங்க அக்கா வந்துட்டா. கையில பை இல்ல. தலையைத் துண்டால சுத்தியிருந்தா. அவிழ்த்தப்ப பார்க்கிறேன், கன்னங்கரேல்னு டை, நுனியெல்லாம் வெட்டி விட்டிருக்கு. தெருமுனைக் கண்ணாடிக் கதவு சலூன் வேலை. நான் கத்தல மச்சான், சத்தியமா கத்தல. ஏன்னு மட்டும் கேட்டேன். "அங்க நாற்காலி மேல போகுதுங்க"ன்னா. அவ முட்டி மடங்கியே பல மாசம் ஆச்சாம். என் முக்காலியில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாதாம், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு சைக்கிள் கடைக்காரரையா கூப்பிட முடியும்னு கேட்டா. என்கிட்ட சொல்லியிருக்கலாமேன்னேன். "நீங்க தோளைப் பத்தி என்கிட்ட சொன்னீங்களா?"ன்னா. அவளால கீழ வர முடியல, என்னால மேல போக முடியல, ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் எட்டாம இருந்திருக்கோம், நான் அதைப் பக்குவம்னு உங்களுக்கு எழுதிட்டு உட்கார்ந்திருக்கேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அவ வலது காதுக்குப் பின்னாடி ஒரு கொத்து முடி அப்படியே கிடக்கு. டாக்டர் தலையில இருக்கிற அதே கொத்து, அவரும் அங்கதான் போறார் போல. சரி பண்ணி விடுறேன்னு கத்தரியை எடுத்தேன். அவ ஜன்னலோரம் வெளிச்சத்துல வந்து நின்னா. இடது கையால முழங்கையைத் தாங்கித் தூக்கிப் பார்த்தேன், அவ தோள் வரைக்கும் போச்சு, அதுக்கு மேல ஏறல. "விடுங்க, வளர்ந்துடும்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

டிரைவர் வாசல்ல ஹாரன் அடிக்கிறார், வேற தாள் எடுத்து எழுத நேரம் இல்ல, மேல எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. ஆபரேஷனை நிறுத்தாதீங்க. டாக்டர் தைக்கட்டும், எட்டலன்னா ஒட்டுப் போடட்டும், யாரு கொடுத்த தோலா இருந்தாலும் பரவாயில்ல, விசாரிக்க மாட்டேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க. உங்க அக்கா நிக்கும்போது அவளோட வலது காது உயரம், அதுக்கு மேல ஒரு விரல் அளவுகூட எனக்கு வேண்டாம். அளவு தேவைப்பட்டா திங்கட்கிழமை அவளையும் கூட்டிட்டு வரேன், பக்கத்துல நிக்க வெச்சுப் பார்த்துக்கட்டும்.